ரயில் நின்ற பிறகு நடை: சிங்கப்பூர் ரயில் காரிடார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள், மகனையோ மகளையோ பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர், பத்து வருடம் இங்கேயே இருந்தும் தேக்காவை (லிட்டில் இந்தியாவை)த் தாண்டாத நண்பர்கள், எல்லாரும் என்னிடம் கேட்பது இதே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதற்குப் பதில் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. "ரயில் காரிடார்னா அதுல ரயில் ஓடுமா? தண்டவாளத்துல நடக்க விடுவாங்களா?"

இப்போது ரயில் இல்லை. மலேசியாவின் கேடிஎம் ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை போய்க்கொண்டிருந்த பாதை இது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஓட்டியவர் எல்லைக்கு அப்பால் இருக்கும் மலேசிய மாநிலமான ஜொகூரின் சுல்தான். மறுநாள் நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்தது. தண்டவாளத்தைப் பெரும்பாலும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். மிஞ்சியது தீவின் தெற்கிலிருந்து வடக்கு வரை 24 கிலோமீட்டருக்கு நீளும் ஒல்லியான பச்சை நிலம்.

ரயில் நிற்பதற்கு முன்பே, 2010 அக்டோபரில், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் இதைத் துண்டு போடாமல் முழு நீளத்துக்கும் பசுமைப் பாதையாக வைத்திருக்கலாம் என்று அரசிடம் திட்டம் கொடுத்தது. மனை விலை இப்படி இருக்கும் ஊரில் அந்தக் கோரிக்கை எடுபட்டதே பெரிய விஷயம். இப்போது தேசியப் பூங்காக் கழகம் பராமரிக்கிறது. டிக்கெட், முன்பதிவு எதுவும் வேண்டாம்.

2. "மொத்தம் எவ்வளவு தூரம்? ஒரே நாள்ல முடிச்சிடலாமா?"

தொடர்ந்து நடக்கக்கூடியது தெற்கே ஸ்பூனர் ரோட்டிலிருந்து வடக்கே கிராஞ்சி வரை, ஏறக்குறைய 21 கிலோமீட்டர். ஸ்பூனர் ரோடு முதல் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் வரை 10 கிலோமீட்டர், அங்கிருந்து ஹில்வியூ வரை 4, மீதி வடக்குப் பகுதி. நிற்காமல் நடந்தால் ஐந்தாறு மணி நேரத்தில் முடியும்.

முடியும்தான், ஆனால் முதல் தடவை வேண்டாம் என்பேன். முழுதாக முடிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பன்னிரண்டாவது கிலோமீட்டருக்குப் பிறகு கைக்கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியவை பாதையின் நடுவில் நிற்பதில்லை. பக்கத்தில், பின்னால், பாலத்துக்கு அடியில் இருக்கும். மூன்று துண்டாகப் பிரித்து மூன்று ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

3. "எந்த எம்ஆர்டில இறங்கணும்?"

ஒரே ஒரு தடவைதான் போகப்போகிறீர்கள் என்றால் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) டவுன்டவுன் தடத்தில் கிங் ஆல்பர்ட் பார்க்கில் இறங்குங்கள். ஐந்து நிமிட நடையில் பழைய புக்கிட் தீமா நிலையம். அங்கிருந்து வடக்கே நடந்து ஹில்வியூ எம்ஆர்டியில் ஏறிவிடலாம். நான்கே கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு இரும்புப் பாலங்களும் அடர்ந்த மரங்களும் இதில் வந்துவிடும்.

தெற்குத் துண்டுக்குப் புவன விஸ்தா, குவீன்ஸ்டவுன் பக்கமிருந்து நுழையலாம். வடக்குத் துண்டுக்குக் கிராஞ்சி எம்ஆர்டி. பாதை நெடுகிலும் படிக்கட்டு, சரிவு என்று நுழைவு வழிகள் உண்டு. நடுவில் முடியாவிட்டால் மேலே ஏறி ஒரு பேருந்தைப் பிடித்துவிடலாம். மலையேற்றம் மாதிரி மாட்டிக்கொள்ளும் இடம் அல்ல.

4. "காலைல போறதா, சாயங்காலமா? மழை வந்தா?"

சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு உதிக்கிற ஊர் இது. ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிப்பது உத்தமம். சாயங்காலம் என்றால் நாலரைக்கு மேல். ஆனால் விளக்கு இல்லாத பகுதிகள் அதிகம், ஏழரைக்கெல்லாம் கும்மிருட்டு. ஆகவே சாயங்காலத்துக்கு நான்கு கிலோமீட்டர் துண்டு போதும்.

மழையை விட மின்னலுக்குத்தான் பயப்பட வேண்டும். உலகத்திலேயே அதிகமாக மின்னல் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. பிற்பகல் இடிமழை வழக்கம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றோடு அடிக்கும் மழையும் உண்டு. கிளம்புமுன் வானிலைச் செயலியில் மழை ரேடாரைப் பாருங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். இங்கே உயரமாக நிற்கும் அல்பீசியா மரங்கள் வேகமாக வளர்பவை, கட்டை மென்மை, கொம்பு சட்டென்று முறியும். சாலை மேம்பாலத்துக்கு அடியில் நில்லுங்கள், அல்லது வெளியேறிவிடுங்கள்.

5. "தண்ணி, சாப்பாடு, பாத்ரூம்?"

கழிவறை, காபி இரண்டும் பழைய புக்கிட் தீமா நிலையத்தில் கிடைக்கும். ரயில்வே ஊழியர் குடியிருப்பாக இருந்த கட்டடம் இப்போது சிற்றுண்டிக் கடை. ஹில்வியூ பக்கம் ரயில் மால் என்ற கடைத்தெரு பாதையை ஒட்டியே இருக்கிறது. தெற்குத் துண்டில் தங்ளின் ஹால்ட் பக்கம் இறங்கினால் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. மற்ற இடங்களில் எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது கையில் வேண்டும். வடக்குப் பகுதிக்கு இரண்டு லிட்டர், ஏனென்றால் அங்கே நிழல் குறைவு.

6. "ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்திருக்காங்க. அம்மாவுக்கு மூட்டு வலி. கூட்டிட்டுப் போகலாமா?"

தாராளமாக. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் மட்டமாக்கியிருக்கிறார்கள். அதனால் புக்கிட் தீமா குன்றின் ஓரமாகவே போனாலும் கால் ஏற்றத்தை உணர்வதே இல்லை. சிங்கப்பூரின் உயரமான இடம் அது, 163 மீட்டர். அதன் காட்டை மூட்டு வலிக்காமல் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

தரை பெரும்பாலும் பொடிச்சரளையும் புல்லும். சாதாரண ஷூ போதும். மழைக்குப் பிறகு ஓரங்கள் சேறாக இருக்கும், செருப்பு வழுக்கும். அம்மாவுக்குச் சேலைதான் வசதி என்றால் சேலையிலேயே வரட்டும். கேள்வி 3-ல் சொன்ன நான்கு கிலோமீட்டரில் நிலையத்தைச் சுற்றிய பகுதி மட்டும் போய்வந்தாலே அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்பா ரயில்வேயில் இருந்தவர் என்றால் அடுத்த பதிலை முதலில் படித்துவிட்டுக் கூட்டிப்போங்கள். அவரே உங்களுக்கு வழிகாட்டி ஆகிவிடுவார்.

7. "மரம், புல் தவிர பார்க்க என்ன இருக்கு?"

பழைய புக்கிட் தீமா நிலையத்திலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் ஆள் இறங்காத சின்ன ஸ்டேஷன்கள் இருக்குமே, அந்த அளவு. 1932-ல் கட்டியது. செங்கல் சுவர், மேலே ஓடு, பிளாட்பாரம், பெயர்ப் பலகை, கொஞ்ச நீளத்துக்குத் தண்டவாளம். தண்டவாளத்துக்கு நடுவே நின்று குனிந்து அளந்து பாருங்கள்: ஒரு மீட்டர். எழும்பூரிலிருந்து தெற்கே போன பழைய மீட்டர் கேஜ் வண்டிகளின் அதே அகலம்.

இந்த நிலையம் முக்கியமானது ஒரு வளையத்தால். பாதை ஒற்றைத் தடம். எதிரும் புதிருமாக வரும் இரண்டு ரயில்கள் இங்கேதான் விலகிப் போக முடியும். அடுத்த பகுதிக்குள் நுழைய ஓட்டுநர் கையில் அந்தப் பகுதிக்கான டோக்கன் இருந்தாக வேண்டும். டோக்கனை ஒரு பெரிய வளையத்தில் மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஊழியர் கையை நீட்டி நிற்பார். வண்டி முழுதாக நிற்காது. ஓட்டுநர் வெளியே சாய்ந்து, கையிலிருக்கும் வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வார். நம் ஊர் ஒற்றைத் தடங்களிலும் இதே முறை இருந்தது, ரயில்வே குடும்பங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் 2011 வரை இது நடந்துகொண்டிருந்தது. எம்ஆர்டியில் ஓட்டுநரே இல்லாத ரயில்கள் வந்து எட்டு வருடம் ஆன பிறகும்!

நிலையத்துக்குப் பக்கத்தில் புக்கிட் தீமா சாலையைத் தாண்டும் இரும்புப் பாலம் ஒன்று. வடக்கே ரயில் மால் அருகே இன்னொன்று. எல்லாரும் நடுவில் நின்று படம் எடுக்கிறார்கள். நீங்கள் ஓரத்துக்குப் போய் இரும்புச் சட்டங்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். வரிசை வரிசையாக உருண்டைத் தலை ரிவெட்டுகள், எத்தனையோ பூச்சுக்கு அடியிலும் அவற்றின் புடைப்பு விரலுக்குத் தட்டுப்படும். கீழே ஆறு தடத்தில் கார்கள் பறக்கும், பாலத்தில் ஒரு சத்தமும் இருக்காது.

ஹில்வியூ பக்கம் வந்தால் சாலையின் மறுகரையில் பழைய ஃபோர்டு கார் தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமஷிதாவிடம் சரணடைந்த கட்டடம், இப்போது அருங்காட்சியகம். பாதையை விட்டு அரை மணி நேரம் போய்வருவதில் தவறில்லை.

8. "குரங்கு கடிக்குமா? பாம்பு இருக்கா?"

இரண்டும் இருக்கின்றன. நீள்வால் குரங்குகளுக்கு உங்கள் மேல் அக்கறை இல்லை, கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை மேல்தான் அக்கறை. சாப்பாட்டை முதுகுப் பைக்குள் வைத்துவிடுங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம், பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். அது அவற்றுக்குச் சண்டைக்கு அழைப்பு. உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், முதல் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் போடலாம். "பாவம், ஒரு வாழைப்பழம்" என்று நீட்டும் அம்மாக்களிடம் இந்தத் தொகையை ரூபாயில் சொல்லுங்கள், கை தானாக மடங்கும்.

பாம்பு, பெரிய உடும்பு, சில இடங்களில் காட்டுப்பன்றி, எதுவானாலும் நின்று வழிவிடுங்கள், அவை போய்விடும். புதருக்குள் கையோ காலோ விட வேண்டாம். கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள், டெங்கி உள்ள ஊர்.

நல்ல பக்கமும் உண்டு. வெண்மார்பு மீன்கொத்தியை நம் ஊர் வயல்வெளியில் பார்த்த மாதிரியே இங்கும் பார்க்கலாம். இருவாச்சி தென்படலாம். இந்தத் தீவிலிருந்து ஒரு காலத்தில் மறைந்தே போய், 1990களில் திரும்பி வந்த பறவை அது. புக்கிட் தீமா சுற்றுவட்டாரத்தில் வைக்கோல் நிறத் தலையுள்ள ஒரு கொண்டைக்குருவி இனம் இருக்கிறது. குரல் அத்தனை இனிமை என்பதாலேயே கூண்டு வியாபாரிகள் பிடித்துப் பிடித்து, பக்கத்து நாடுகளில் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரில்தான் நல்ல எண்ணிக்கையில் மிஞ்சியிருக்கிறது. காலை எட்டு மணிக்குள் போனால் கண்ணில் படாவிட்டாலும் காதில் விழலாம்.

9. "மாம்பழம் கீழே கிடந்துச்சு. எடுக்கலாமா?"

ஓரமெல்லாம் மா, ரம்புத்தான், வாழை, எங்காவது ஒரு துரியான் என்று இருப்பதற்குக் காரணம் முன்பு பக்கத்தில் இருந்த கம்பத்து (கிராமத்து) வீடுகள். வீடு போய்விட்டது, கொல்லை மரம் நிற்கிறது. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் பூங்கா நிலத்தில் பழம், பூ, கன்று எதையும் எடுக்கக் கூடாது, அபராதம் உண்டு. தேக்காவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

10. "நம்ம ஆளுங்கதான் இந்த ரயில்வேல வேலை பாத்தாங்கன்னு தாத்தா சொல்வார். அதுக்கு அடையாளம் ஏதாவது இருக்கா?"

தாத்தா சொன்னது சரி. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டது, சரளை கொட்டிப் பராமரித்தது என்று கைவேலை செய்தவர்களில் தென்னிந்தியத் தமிழர்கள் ஏராளம். ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா நாற்காலிகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறையப் பேர். ஒரே ரயில்வே, இரண்டு தமிழ். சம்பளப் பட்டியலில் மேல் வரிசையும் கீழ் வரிசையும்.

அடையாளம் என்றால் முதலில் குவீன்ஸ்டவுன் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். 1932-ல் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்த ரயில்வே தொழிலாளர்கள் சின்னக் குடிலாகத் தொடங்கியது. எல்லைச் சாமியைக் கூடவே கொண்டுவந்து, வேலை செய்த இடத்தின் எல்லையிலேயே வைத்திருக்கிறார்கள். இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறது. தெற்குத் துண்டில் தங்ளின் ஹால்ட் அருகே இறங்கினால் நடந்துபோகும் தூரம். நடைக்கு முன் போவதா பின் போவதா என்று கேட்பார்கள். வியர்வையோடு உள்ளே போகத் தயங்குபவர்கள் முதலிலேயே கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

இன்னொன்று ஸ்பூனர் ரோட்டு அடுக்குமாடிகள். ரயில்வே ஊழியர் குடியிருப்பாக இருந்தவை, பிறகு வாடகை வீடுகளாக மாறின. பாதையின் தெற்கு முனையே அங்கேதான். அறிவிப்புப் பலகையைத் தேடாதீர்கள், கட்டடமே அடையாளம்.

11. "இது 1903-ல போட்ட லைன்னு எங்கயோ படிச்சேன். நீங்க 1932-ங்கறீங்களே?"

இரண்டும் சரி. சிங்கப்பூர்–கிராஞ்சி ரயில்பாதை 1903-ல் திறந்தது. ஆனால் அது தெற்கே வேறு வழியாக, நியூட்டன் தாண்டி டேங்க் ரோட்டில் போய் நின்றது. தைப்பூசக் காவடி போய்ச் சேருமே, அந்தத் தெண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே டேங்க் ரோடு. 1932-ல் புக்கிட் தீமா வழியாகத் தஞ்சோங் பகாருக்குப் புதுப் பாதை போட்டு, பழையதை மூடிவிட்டார்கள்.

ஆக, வடக்குத் துண்டில் நீங்கள் நடப்பது 1903-ன் தடம். புக்கிட் தீமா நிலையத்துக்குத் தெற்கே 1932-ன் தடம். பழைய டேங்க் ரோட்டுத் தடம் நகரத்துக்குள் கரைந்துவிட்டது, அதில் நடக்க வழியில்லை.

12. "வழியில ஒத்தையடிப் பாதை பிரிஞ்சு போகுது. உள்ள போகலாமா?"

எது என்பதைப் பொறுத்தது. பெயர்ப் பலகை வைத்துப் பிரியும் வழிகளில் தைரியமாகப் போங்கள்: புக்கிட் தீமா இயற்கை வனம், டெய்ரி ஃபார்ம், ரைஃபிள் ரேஞ்ச் என்று நல்ல காடுகள் எல்லாம் பக்கத்தில்தான். பலகை இல்லாத ஒற்றையடிப் பாதைதான் சிக்கல். நான்கு பேர் நடந்த தடத்தை ஐந்தாவது ஆள் வழி என்று நம்பிப் போவதில் அது உருவாகிறது.

அப்படிப் பிரபலமானது கிளமெண்டி காடு. 1960களில் புக்கிட் தீமாவிலிருந்து ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ரயில் போட்ட கிளைத் தடம் அதன் ஓரமாகப் போகிறது. அந்தத் தடம் 1990களில் கைவிடப்பட்டது. கோவிட் காலத்தில், பனிமூட்டத்தில் எடுத்த காணொளி ஒன்று பரவி, ஊரே அங்கே திரண்டது. உள்ளே ஓடையும் சேறும் முட்கொடியும் உண்டு, திசையும் குழம்பும். போகத்தான் வேண்டும் என்றால் ஏற்கெனவே போனவரோடு, முழுக்கால் சட்டையோடு, முந்தின நாள் மழை பெய்யாதபோது போங்கள். சிவப்புப் பலகை வைத்து மூடிய இடமானால் பேச்சே இல்லை, திரும்பிவிடுங்கள்.

13. "நான் தனியா போகலாமா? பொண்ணுங்க போறாங்களா?"

பகலில் போகலாம், போகிறார்கள். வார இறுதியில் தனிமை கிடைத்தால்தான் அதிசயம். ஓட்டக்காரர்கள், சைக்கிள்கள், தள்ளுவண்டியில் குழந்தை என்று கூட்டம். இடப்பக்கமாக நடந்து, காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன் வையுங்கள், சைக்கிள் மணி கேட்க வேண்டும். கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 995. எந்த சாலைக்கு அருகில் இருக்கிறீர்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே கடந்துவந்த பாலத்தின் பெயரையாவது நினைவில் வைத்திருங்கள். இருட்டில் தனியாக வேண்டாம்; காரணம் கேள்வி 4-ல் சொன்ன விளக்கு விஷயம்தான்.

14. "கிராஞ்சி பக்கம் மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்களாமே? இது எத்தனை நாளைக்கு இருக்கும்?"

2020-லும் 2021 தொடக்கத்திலும் கிராஞ்சியில் பாதையை ஒட்டிய காட்டின் ஒரு பகுதி, சுற்றுச்சூழல் ஆய்வு முடிவதற்கு முன்பே வெட்டப்பட்டது உண்மை. தவறு நடந்ததை அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். வானிலிருந்து எடுத்த படங்கள் பரவியதால்தான் ஊருக்குத் தெரிந்தது.

பாதை பாதுகாப்பாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இத்தனை செலவில் சீரமைத்து, அடியில் பெரிய குடிநீர்க் குழாயும் பதித்த பிறகு அதன் மேல் யாரும் கட்டடம் எழுப்பப்போவதில்லை. என் கவலை இரண்டு ஓரங்களைப் பற்றியது. பாதையின் அகலம் கொஞ்சம்தான். பக்கத்துக் காடு இருக்கும்வரைதான் பறவையும் விலங்கும் இதை வழியாகப் பயன்படுத்தும். ஓரத்தில் அடுக்குமாடிகள் நெருங்கிவிட்டால் மரம் நட்ட நடைபாதைதான் மிஞ்சும். வடக்குத் துண்டை "போர்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு நான் சொல்வது, அதை முதலில் பார்த்துவிடுங்கள் என்பதுதான். மண்டாய், கிராஞ்சி பகுதிகளில் ரயில் கேட் போட்டுச் சாலையை மறித்த இடங்கள் வரும். கடைசியில் கிராஞ்சி போர் நினைவிடம் கொஞ்ச தூரத்தில். அங்கே பொறித்த பெயர்களில் இந்தியப் படைவீரர்கள் ஏராளம், தமிழ்ப் பெயர்களும் கண்ணில் படும்.

15. "ரயில் மாதிரியே அப்படியே நடந்து ஜொகூர் போயிட முடியுமா?"

சிரிப்பாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. ரயில் இருந்த காலத்தில் அந்த எல்லையே ஒரு வேடிக்கை. 1998-ல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிவிட்டது, மலேசியாவோ தஞ்சோங் பகாரிலேயே வைத்திருந்தது. ஆகவே பயணிகள் முதலில் மலேசியாவுக்குள் 'நுழைந்து', அதற்குப் பிறகுதான் சிங்கப்பூரை விட்டு 'வெளியேறினார்கள்', அதுவும் சிங்கப்பூரின் நடு ஊர் வழியாக அரை மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வந்து.

இப்போது நடை கிராஞ்சியில் முடிகிறது. அதற்கு மேல் கால் வேண்டாம். கிராஞ்சியில் 170-ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி, பாலம், ஜொகூர். அதே 170 நகரத்திலிருந்து புக்கிட் தீமா சாலை, அப்பர் புக்கிட் தீமா சாலை, உட்லண்ட்ஸ் ரோடு என்று நீங்கள் நடந்த வடக்குப் பாதிக்குப் பக்கத்திலேயே வருவதால், நடுவில் களைத்துப்போனவர்களுக்கும் அதுதான் வண்டி. அந்தப் பக்கம் போய் சாப்பிடும் எண்ணம் இருந்தால் காலையிலேயே கடப்பிதழைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை திரும்பும் வரிசை நீளம், சனிக்கிழமை நடப்பது நல்லது.